டயட் மறுபடி மறுபடி தோற்றால் அடுத்து எந்த வழி: இன்னொரு டயட்டா, மனநலச் சிகிச்சையா, ஊசியா?

பல தடவை எடை குறைத்து, குறைத்தது முழுக்கத் திரும்ப ஏறி, போதாததற்கு இரண்டு மூன்று கிலோ கூடவும் ஏறியிருக்கிறது என்றால் அடுத்து என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் முறையாக எடை குறைக்க நினைப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. இரண்டு மூன்று டயட் பார்த்தவர்களுக்கு எதில் எவ்வளவு கலோரி என்பதெல்லாம் மனப்பாடம். எதைச் சாப்பிடக்கூடாது என்று தெரியாமல் அவர்கள் யாரும் தோற்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும், வயிறு நிறைந்திருந்தும், இரவு 11 மணிக்குக் கை ஏன் அலமாரியைத் திறக்கிறது என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு டயட், பயிற்சியாளர் துணையோடு நடக்கும் வாழ்க்கைமுறைத் திட்டம், மனநலச் சிகிச்சை, டயட்டையே விட்டுவிட்டு பசியைக் கவனித்துச் சாப்பிடும் முறை, ஊசி மருந்து, ஆதரவுக் குழு. அறுவை சிகிச்சையும் உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்லப்போகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: சாப்பாடு பசிக்காக என்பது போய் மனதைச் சமாதானப்படுத்துவதற்காக என்று ஆகிவிட்ட ஒருவருக்கு, இந்த வரிசையில் கடைசியாக வரவேண்டியது இன்னொரு டயட். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான்.

எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்துக்கு, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது உண்மையில் பசித்ததா, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தது என்று நாலு வார்த்தை எழுதி வையுங்கள். கலோரி எழுத வேண்டாம், எடையும் பார்க்க வேண்டாம். எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரியும். பகல் முழுக்கப் பட்டினி மாதிரி இருந்துவிட்டு இரவில் மொத்தமாகச் சாப்பிடுபவர் ஒரு வகை. திட்டு வாங்கிய நாளில், தனியாக இருக்கும் மாலையில், வேலை முடியாத பதற்றத்தில் சாப்பிடுபவர் இன்னொரு வகை. யாரும் பார்க்காத நேரத்தில், வேகமாக, வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டு, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், பிறகு தன்னையே வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வேறு வகை. இந்த மூவருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்து ஒரே பலனை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

மூன்றாவதாகச் சொன்னதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு, அளவுமீறி உண்ணும் கோளாறு. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாகவே சேர்ந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, 3 மாதத்துக்கு மேல், கட்டுப்பாடு கைவிட்டுப்போன உணர்வோடு இப்படி நடந்தால் அது நோய். மனவலிமை இல்லாதவர் என்று அவரைச் சொல்வது, ஆஸ்துமா இருப்பவரிடம் மூச்சை ஒழுங்காக விடத் தெரியவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

சரி, டயட்டுக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் டயட் தோற்பதற்கான காரணத்தில் பெரும்பகுதி டயட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உடலிலும் மனதிலும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள், வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறக்குறைய பாதி கிடைத்தது. எடை கால்பங்கு குறைந்தது. கூடவே சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு, ஆட்களிடமிருந்து விலகிப்போவது என்று ஆளே மாறிப்போனார்கள். கனவிலும் சாப்பாடு, பேச்சிலும் சாப்பாடு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கட்டுப்பாட்டை எடுத்த பிறகு பலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். உணவோடு எந்தச் சிக்கலும் இல்லாமல் உள்ளே போனவர்கள் அவர்கள்! இன்று சந்தையில் இருக்கும் கடும் டயட்கள் பல, அந்த இளைஞர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவான கலோரியைத்தான் அனுமதிக்கின்றன.

இன்னொரு ஆய்வு 1975ல் ஹெர்மன், மேக் இருவரும் செய்தது. மாணவிகளில் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் எப்போதும் கட்டுப்பாடாக இருப்பவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'இன்றைக்குக் கெட்டுப்போச்சு, இனி என்ன, நாளையிலிருந்து பார்க்கலாம்' என்ற மனநிலை இது. டயட் இருந்த எவருக்கும் தெரிந்த மனநிலை. முழுசாக அல்லது பூஜ்யம் என்று விதியை எழுதிவைத்தால், ஒரு சிறு மீறல் கூட அந்த நாளையே கைவிடக் காரணமாகிவிடுகிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. 2011ல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவுமே இருந்தன. அதாவது டயட் முடிந்து 12 மாதம் ஆன பிறகும் அவர்கள் முன்பைவிட அதிகப் பசியோடு இருந்தார்கள். அந்தப் பசியோடு மன அழுத்தம், தூக்கமின்மை, வீட்டுப் பிரச்சினை எல்லாம் சேரும்போது யாருக்குமே தாக்குப்பிடிப்பது கஷ்டம். 2004ல் வந்த சிறிய ஆய்வொன்றில், 2 இரவு 4 மணிநேரம் மட்டும் தூங்கிய ஆண்களுக்கு லெப்டின் 18 சதவீதம் குறைந்து கிரெலின் 28 சதவீதம் கூடியது. தூக்கம் கெட்டிருக்கும்போது டயட் ஆரம்பிப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப்படவில்லை.

அப்படியானால் டயட் யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எழுதிவைத்த குறிப்பில் உணர்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை, வேலை மாறியதால் உட்கார்ந்தே இருக்கிறோம், அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான் என்றால், மிதமான உணவு மாற்றம் போதும். அதையும் தனியாகச் செய்வதைவிட ஆள் துணையோடு செய்வது மேல். 2002ல் வெளிவந்த நீரிழிவு தடுப்பு ஆய்வில், தனித்தனியாகப் பயிற்சியாளர் வைத்து 16 பாடங்கள் நடத்தி, எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தார்கள். நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. குறைந்த எடை பார்வைக்குப் பெரிதில்லை, கிடைத்த நன்மை பெரிது. கண்ணாடியில் தெரியும் மாற்றத்துக்காகப் போகிறவர்கள் இந்த வழியில் ஏமாந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுவதும் அதனால்தான்.

இப்போது மனநலச் சிகிச்சை. இதைப் பற்றி இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கை இருக்கிறது. மனதைச் சரிசெய்தால் எடை தானாக இறங்கிவிடும் என்று விற்பவர்கள் ஒரு பக்கம், சாப்பாட்டுக்கும் மனநல ஆலோசகருக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் மறுபக்கம். நன்றாக ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. அதில் முதலில் செய்யச் சொல்வதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுணவு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே 4 மணிநேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பகல் பட்டினியை உடைத்தாலே இரவு வெறி பாதி அடங்கும் என்பதுதான் கணக்கு. அப்புறம்தான் எந்த எண்ணம், எந்தச் சூழ்நிலை சாப்பிட வைக்கிறது, அந்த இடத்தில் வேறென்ன செய்யலாம், விலக்கிவைத்த உணவுகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது, உடலை நாள் முழுக்கக் கண்ணாடியில் சோதித்துக்கொண்டே இருப்பதை எப்படி விடுவது என்று போகும்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017ல் அளவுமீறி உண்ணும் கோளாறுக்கு முதலில் பரிந்துரைத்தது வழிகாட்டலோடு கூடிய சுயஉதவித் திட்டத்தை. சிபிடி அடிப்படையிலான பயிற்சிநூலை நாமே படித்துச் செய்துவருவோம், 16 வாரத்தில் 4 முதல் 9 முறை, 20 நிமிடம் ஒருவர் நம்மோடு பேசுவார். செலவும் நேரமும் குறைவு, அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அதே வழிகாட்டுதல் இன்னும் இரண்டு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தச் சிகிச்சைகளால் எடையில் ஏற்படும் மாற்றம் குறைவு என்பதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை நடக்கும்போது டயட் இருக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறியுண்ணலை, அதாவது கட்டுப்பாடு இழந்து அளவுமீறிச் சாப்பிடுவதை, திரும்பக் கிளப்பிவிடும்.

எடை குறையாது என்றால் எதற்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். ஒளித்துச் சாப்பிடுவது நிற்கிறது, நாள் முழுக்க மனதில் ஓடும் கணக்கு வழக்கு நிற்கிறது, ஒவ்வொரு வெறியுண்ணலுக்கும் பிறகு வரும் அவமானம் நிற்கிறது, பலருக்கு எடை மேலும் ஏறுவதும் நிற்கிறது. இதைச் சிறிய பலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக, எடை மட்டுமே குறிக்கோள் என்றால் சிபிடியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு ஏமாற்றமடைய வேண்டாம். சாப்பாட்டோடு நடக்கும் சண்டை முடிய வேண்டும் என்றால் இதற்கு ஈடாக வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை. சண்டைக்குக் காரணம் ஓர் இழப்போ, உறவில் இருக்கும் உரசலோ, பெரிய வாழ்க்கை மாற்றமோ என்று தெளிவாகத் தெரிந்தால், உறவுகளை மையமாக வைக்கும் ஐபிடி என்ற சிகிச்சையும் இந்தக் கோளாறுக்குப் பலன் தருகிறது, சாப்பாட்டைப் பற்றி அதில் அதிகம் பேசக்கூட மாட்டார்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. 1980களின் நடுவில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப்போனார்கள். ஏன் என்று விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்கு அந்த உடம்பு ஒரு பாதுகாப்பு, பருமனாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எடை குறைந்து யாராவது பாராட்டும்போது, கவனிக்கும்போது, பயம் திரும்பிவந்தது. இதிலிருந்துதான் குழந்தைப் பருவத் துயரங்களைப் பற்றிய பெரிய ஆய்வு பிறந்தது. 1998ல் வெளியான அதன் முடிவில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துயரங்களைச் சந்தித்தவர்களுக்குக் கடும் உடல்பருமன் இருக்கும் வாய்ப்பு 1.4 முதல் 1.6 மடங்கு என்று வந்தது. பருமனான எல்லோருக்கும் இப்படியொரு பின்னணி உண்டு என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் எடை குறையும்போது உங்களுக்கு மகிழ்ச்சியை விடப் பதற்றம்தான் அதிகம் வருகிறது என்றால், அதை அலட்சியப்படுத்த வேண்டாம். முதலில் தேவை அந்தத் துயரத்துக்கான சிகிச்சை, அதில் பழக்கமுள்ள ஒருவரிடம். எடையை அதுவரை தொடாமல் விட்டாலும் பரவாயில்லை.

டயட்டை விட்டுவிட்டு உடலின் பசி, நிறைவு இரண்டையும் கவனித்துச் சாப்பிடும் முறை இப்போது நிறையப் பேசப்படுகிறது. இதிலும் எதுவும் தடை கிடையாது, எடை இலக்கு கிடையாது. பல வருடம் விதிகளோடு வாழ்ந்து களைத்தவர்களுக்கு இது மூச்சுவிட இடம் தருகிறது. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு: பசி எது, பதற்றம் எது என்றே பிரித்தறிய முடியாமல் இருப்பவரிடம் 'உடம்பு சொல்வதைக் கேள்' என்றால் அவர் எதைக் கேட்பார்? அவருக்கு முதலில் சிபிடி தரும் வேளைக்கணக்கு வேண்டும், அது ஓரளவு பழகிய பிறகு இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும். எடை குறைப்பு வழியாக இதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஊசி மருந்துக்கு வருவோம். அறுவை சிகிச்சையை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு என்ற ஊசி மருந்தை வைத்து 2021ல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இதைப் போட்டவர்கள் பலர் சொல்வது, தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது என்பது. அந்த அமைதியை முதல் முறையாக உணர்ந்து, இத்தனை வருடமும் குற்றம் தன் குணத்தில் இல்லை என்று புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஊசி போடுவதைக் குறுக்குவழி என்று இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் நிறுத்தினால்? அதே ஆய்வில் ஊசியை நிறுத்தி ஒரு வருடம் ஆனபோது குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்துவிட்டது. ஆகவே இதை மூன்று மாதச் சிகிச்சையாக நினைத்து ஆரம்பிக்கக் கூடாது, நீண்ட காலம் தொடர முடியுமா என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணமாக வருபவை. கர்ப்பமாக இருப்பவர்களும், மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களும் போடக் கூடாது. முன்பு சாப்பிடாமல் கிடக்கும் கோளாறோ, சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் கோளாறோ இருந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், பசியே இல்லாத நிலை அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். இன்னொன்று, துக்கத்தை ஆற்றிக்கொள்ள இருந்த ஒரே வழி சாப்பாடு என்று இருந்தவருக்கு அந்த வழி அடைபடும்போது துக்கம் எங்கே போகும்? இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டாம் வருடத்தில் மதுப் பிரச்சினை கூடுவதை 2012ல் வந்த ஆய்வு காட்டியது. அதில் மது உடலில் உறிஞ்சப்படும் விதம் மாறுவதும் சேர்ந்திருக்கிறது. ஊசிக்கு அதையே அப்படியே பொருத்திப் பேச முடியாது. என்றாலும் ஊசியோ அறுவையோ, கூடவே ஒரு மனநல ஆலோசகர் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

ஆதரவுக் குழுக்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1960ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் மாதிரியானவை பல நாடுகளில் நடக்கின்றன, கட்டணம் இல்லை, தனிமையில் சாப்பிடுபவருக்குப் பேச ஆள் கிடைப்பதே பெரிய உதவி. சில குழுக்களில் சில உணவுகளை முற்றிலும் விலக்கச் சொல்வார்கள், முன்னால் சொன்ன முழுசாக அல்லது பூஜ்யம் என்ற சிக்கல் இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

எந்த வழிக்குப் போவதற்கு முன்னாலும் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை சில. ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்குத் தரும் ஓலான்ஸபைன், மனச்சோர்வுக்குத் தரும் மிர்டாஸபைன், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் எடையை ஏற்றும். இவற்றை நாமாக நிறுத்தக் கூடாது, மாற்று உண்டா என்று கேட்கலாம். தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2010ல் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வு இருப்பவர்களுக்கு உடல்பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம், உடல்பருமன் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம் என்று வந்தது. மனச்சோர்வை விட்டுவிட்டு டயட்டை மட்டும் பிடித்துக்கொள்பவர் பாதிக் கதவைத்தான் சாத்துகிறார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. தட்டைப் பார்த்துச் சொல்லும் குத்தல் பேச்சு திருத்தும் என்று நினைக்கிறீர்கள் என்றால், நடப்பது நேரெதிர். அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்டவர்களை நான்கு வருடம் தொடர்ந்த ஆய்வு 2013ல் வந்தது. தொடக்கத்தில் உடல்பருமன் இல்லாதவர்களில், எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் பிறகு உடல்பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.5 மடங்கு இருந்தது. பேச்சை நிறுத்துவது செலவில்லாத உதவி.

இனி யாருக்கு எது என்று என் தீர்ப்பைச் சொல்கிறேன். கட்டுப்பாடு இழந்து ஒளித்துச் சாப்பிடுபவர் சுயஉதவித் திட்டத்திலோ சிபிடியிலோ ஆரம்பிக்கட்டும், எடையை அதுவரை தள்ளிவைக்கட்டும். உணர்ச்சிக்காக அவ்வப்போது சாப்பிடுபவருக்கு முதலில் தூக்கமும் வேளைச் சாப்பாடும் சரியாகட்டும், அதோடு சில முறை ஆலோசகரைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். எடையால் நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று உடல் ஏற்கெனவே கஷ்டப்படுபவர் மனம் சரியாகும்வரை ஊசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்கலாம். பழைய துயரம் உள்ளே இருப்பவருக்கு அதற்கான சிகிச்சைதான் முதல். உணர்ச்சிச் சிக்கல் எதுவும் இல்லாதவருக்கு ஆள் துணையுள்ள வாழ்க்கைமுறைத் திட்டம்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது உண்ணும் கோளாறுகளில் பயிற்சி உண்டா, எத்தனை சந்திப்பு, எடை குறையும் என்று வாக்குக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். வாக்குக் கொடுத்தால் வேறொருவரைப் பாருங்கள். ஆரம்பித்த பிறகு வாரத்தில் எத்தனை நாள் வெறியுண்ணல் நடந்தது என்பதை மட்டும் குறித்துவாருங்கள். சுயஉதவித் திட்டம் 4 வாரத்தில் உதவவில்லை என்றால் குழு சிபிடிக்கும், அதுவும் ஒத்துவராவிட்டால் தனிநபர் சிபிடிக்கும் மாற்றச் சொல்கிறது நைஸ் வழிகாட்டுதல். அந்தக் கட்டத்தில் அடுத்த படிக்கு மாறக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.